வெற்றிடம் பூச்சியமல்ல

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் 'நாங்கள்' என்றே பேசப் போகிறோம். ஏனென்றால் சொல்ல வந்திருக்கும் வேலையை மூன்று பேர் சேர்ந்து செய்தோம். ஒருத்தி வைத்தியர். ஒருத்தி இதே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மற்றவள் ரொறன்ரோவில் கணினித் துறையில் வேலை செய்கிறாள். மூவரும் 1995இல் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இன்றைக்குப் பேசும் வாய் மட்டும் வைத்தியருடையது.

வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தத்தைப் பற்றியும் முழங்கால் நோவைப் பற்றியும் சொல்லுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். சீனி வருத்தம் கட்டாயம் வரும். ஆனால் கணினி வழியாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் இந்தப் பாடசாலையில் கணினி இருக்கவில்லை. கணினிக்கு முதல் கரண்டே இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கொளுத்திய விளக்கில் படித்தோம். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ இயக்கினோம். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அதைப் பாவிக்க முடியாத காலம் அது. அந்தப் பழக்கம் பிறகு கைகொடுத்தது.

இனி 2022க்கு வருகிறோம். அந்த ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, கையில் டொலர் இல்லாத நாடு. அந்த நேரத்தில் எங்கள் சிகிச்சை நிலையத்தில் ஒரு சிறிய ஆய்வைச் செய்துகொண்டிருந்தோம். கர்ப்ப காலத்தில் சீனி கூடிய தாய்மார், பிள்ளை பிறந்து 6 தொடக்கம் 12 கிழமைக்குள் திரும்பவும் இரத்தச் சீனியைச் சோதிக்க வேண்டும். பிள்ளை பிறந்தவுடன் சீனி இறங்கிவிடும். அதனால் பலர் 'எல்லாம் சரி' என்று நினைத்து வருவதில்லை. ஆனால் அவர்களுக்குத்தான் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதே எங்கள் கேள்வி.

கணக்குப் பார்க்க ஒரு புள்ளிவிபர மென்பொருளைப் பாவித்தோம். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அது காசு கொடுத்து வாங்கியது அல்ல. யாரோ பூட்டுடைத்துக் கொடுத்த பிரதி. பென்டிரைவில் கைமாறி கைமாறி வந்தது. ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒரு கிழமை இருக்க, அது திறக்க மறுத்துவிட்டது. முறையாக வாங்குவதென்றால் டொலரில் கட்ட வேண்டும். எங்கள் வங்கி அட்டைக்கு அந்த நாட்களில் அது முடியாத காரியம்.

ரொறன்ரோத் தோழியைத் தொலைபேசியில் பிடித்தோம். "களவெடுத்த சாமானிலை கணக்குப் பாத்துப்போட்டு, அதை ஆராய்ச்சி எண்டு சொல்லுறியளோடி?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவளே வழியும் சொன்னாள். "ஆர் பாவியுங்கோ."

யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் "ஆர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் கணித ஆசிரியையும் அப்படித்தான் கேட்டாள். ஆர் என்பது ஆங்கில எழுத்து. நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாகா, றொபேட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய புள்ளிவிபர மொழி. இருவரின் முதற்பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. 1995இல் அதன் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவத்தை, எவரும் எடுக்கலாம், வாசிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்ற பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே 1995இல் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. உங்களில் பெரும்பாலானோருக்கு ஆர் தேவைப்பட்டால், ஆயத்தமாகத் தொகுத்து வைத்த பிரதியை இறக்கி நிறுவினால் போதும். விண்டோஸுக்கும் மக்கின்டோஷுக்கும் அது உண்டு. கஷ்டப்படத் தேவையில்லை. எங்கள் நிலை வேறு. எங்களிடம் இருந்தது அன்பளிப்பாக வந்த பழைய மேசைக் கணினி. அதில் பழைய லினக்ஸ். அது தரும் ஆர் பழைய பதிப்பு. எங்களுக்குத் தேவையான உபபொதி ஒன்று புதிய பதிப்பைக் கேட்டது. முழு இயங்குதளத்தையும் மாற்ற வேண்டுமென்றால் பெருந்தொகை டேட்டா வேண்டும். மூலநிரலோ சில பத்து மெகாபைற்றுகள்தான். ஆகவே மூலத்திலிருந்து நாங்களே தொகுப்பது என்று முடிவெடுத்தோம்.

தொகுத்தல் என்றால் என்ன? ஒடியல் கூழை நினைத்துப் பாருங்கள். சட்டியில் கொதிக்கும் கூழைக் குடித்துப் பார்த்து, எவ்வளவு புளி, எத்தனை செத்தல் மிளகாய் என்று பிரித்துச் சொல்ல ஏலாது. அம்மம்மாவின் கைப்பக்குவம் வேண்டுமென்றால் அவரின் அளவுகளும் செய்முறையும் வேண்டும். மூலநிரல் அந்தச் செய்முறை. கணினி நேரடியாக இயக்கும் ஒன்று, பூச்சியக் கோவை சட்டியில் உள்ள கூழ். செய்முறையை எடுத்துக் கூழாக்கித் தரும் நிரலுக்குத் தொகுப்பி என்று பெயர். ஆங்கிலத்தில் கொம்பைலர்.

மாணவிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் கணினிக்குள் கொண்டுவந்தவர் ஒரு பெண். அமெரிக்கக் கடற்படையில் இருந்த கிறேஸ் ஹொப்பர், 1952இல் தன்னுடைய முதல் தொகுப்பியைச் செய்தார். 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியின் தொகுப்பியை உருவாக்கிய சிறு குழுவில் லோயிஸ் ஹைபற் என்ற இளம்பெண் இருந்தார். இன்றைக்கும் ஆர் மென்பொருளின் அடியில், பெரிய பெரிய சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதிகள் போர்ட்ரானில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வேலையைத் தொடங்கினோம். முதற்படிக்குக் 'கொன்பிகர்' என்று பெயர். நோயாளியை விடுதியில் அனுமதிக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விகளைப் போல அது கணினியிடம் கேட்டுக்கொண்டு போகும். சி மொழித் தொகுப்பி இருக்கிறதா? இருக்கிறது. போர்ட்ரான் தொகுப்பி இருக்கிறதா? இல்லை. அவ்வளவுதான், நின்றுவிட்டது. அதை நிறுவிவிட்டுத் திரும்ப ஓடவிட்டால், முன்பு தட்டச்சிட்ட கட்டளையைத் திரும்ப அழைக்க உதவும் 'றீட்லைன்' என்ற நூலகம் இல்லை என்றது. தேடிப் பார்த்தால் கணினியில் அது இருக்கிறது! கணித ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கிறதை இல்லை எண்டுது, இது பொய் சொல்லுது" என்றாள்.

பொய் இல்லை. நூலகத்தை ஓடவிட ஒரு பொதி, அதை வைத்து இன்னொன்றைத் தொகுக்க வேறொரு பொதி. மருந்துப் போத்தல் இருக்கிறது, எந்த அளவில் எப்படிக் கொடுப்பது என்ற தாள் இல்லை என்பது போல. அந்தத் தாளைத் தலைப்புக் கோப்பு என்கிறார்கள். அதையும் எடுத்துப் போட்டோம். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்று இரவு போனது.

அந்த மூன்று இரவில் கற்ற பாடம் ஒன்று வைத்தியத்துக்கும் பொருந்தும். திரை நிறையப் பிழைச்செய்திகள் வரும்போது கடைசி வரியைப் பார்த்துப் பதறக்கூடாது. மேலே போய் முதற்பிழையைத் தேட வேண்டும். கடைசியில் தெரிவது விளைவு. முதலில் வந்ததே பெரும்பாலும் காரணம். அதைத் திருத்தினால் கீழே உள்ள இருபதும் தானாக மறையும்.

இரண்டாவது படி 'மேக்'. இதுதான் சமைக்கும் படி. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொகுத்துக் கடைசியில் இணைக்கும். பழைய கணினியில் நேரம் எடுக்கும். நாங்கள் எதிர்பார்த்தபடியே நடுவில் கரண்ட் போனது. எல்லாம் முதலிலிருந்தா என்று கலங்கினோம். இல்லை. மேக் கெட்டிக்காரி. கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, செய்து முடித்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் செய்யும். கரண்ட் போன கணத்தில் அரைகுறையாக எழுதப்பட்ட ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மின்வெட்டு நாட்டுக்கென்றே செய்தது போல இருந்தது.

இனித்தான் எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும்.

கணினி மந்தமாக இருந்ததால் வேகமாக்க என்ன வழி என்று தேடினோம். தொகுப்பிக்கு 'வேகக் கணிதம்' என்று ஒரு தெரிவைக் கொடுக்கலாம் என்று கண்டோம். கொடுத்தோம். மூன்றாவது படியான 'மேக் செக்', அதாவது தொகுத்தது சரியாக இயங்குகிறதா என்ற பரிசோதனை, நேரம் எடுக்கும் என்று அதைத் தாண்டிவிட்டோம். கரண்ட் போக முதல் கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். தரவுகளை ஏற்றினோம். பெயர்களை நீக்கி இலக்கங்கள் மட்டும் இட்ட பட்டியல் அது. சோதனைக்கு வராத தாய்மாரின் கட்டம் வெறுமையாக இருக்கும். எத்தனை கட்டம் வெறுமை என்று கேட்டோம். பூச்சியம் என்றது.

எங்களுக்குச் சந்தோசம். தரவு முழுமையாக இருக்கிறதாம்! அடுத்த நாள் கிளினிக்கில் எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த மருத்துவமாதுவிடம், இதைச் சொன்னோம். அவர் தராசில் கிடந்த குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வராத ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டு உங்கடை கொம்பியூட்டர் சொன்னால், டொக்டர், நான் ஆரைத் தேடி வீடு வீடாய்ச் சைக்கிள் ஓடினனான்?"

அந்த இடத்தில் வெட்கப்பட்டோம். அவரின் கொப்பியை வாங்கிக் கையால் எண்ணினோம். வராதவர்கள் இருந்தார்கள். கொஞ்சப் பேர் அல்ல.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து முதற் கேள்வி: "மேக் செக் ஓடினியளோடி?" ஓடவில்லை என்றோம். ஓடவிட்டோம். தோற்றது. காரணத்தைத் தேடினோம். ஆர் மென்பொருள் 'தெரியாது', 'இல்லை' என்பதைக் குறிக்க ஒரு விசேட எண்ணை வைத்திருக்கிறது. எண் வடிவில் இருந்தாலும் எண் அல்லாத ஒன்று அது. அதன் உள்ளே 1954 என்ற அடையாளம் பொதிந்திருக்கிறது. அதைக் கண்டால், இது வெறுமை, கணக்கில் சேர்க்காதே என்று ஆர் புரிந்துகொள்ளும். நாங்கள் கொடுத்த 'வேகக் கணிதம்' என்ற தெரிவோ, இப்படிப்பட்ட எண் அல்லாத எண்கள் உலகத்திலேயே இல்லை என்று தொகுப்பியிடம் வாக்குறுதி கொடுப்பது. இல்லாத ஒன்றை ஏன் தேட வேண்டும்? தேடும் வரிகளையே தொகுப்பி எடுத்தெறிந்துவிடும். வேகம் கிடைத்தது இப்படித்தான். வராதவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கும் காதை வெட்டிவிட்டுக் கிடைத்த வேகம்.

அந்தத் தெரிவை எடுத்துவிட்டுத் திரும்ப மேக் ஓடவிட்டால் மாற்றமில்லை. மேக் கோப்பின் நேரத்தைத்தான் பார்க்கும், எங்கள் மனம் மாறியதைப் பார்க்காது. எல்லாவற்றையும் துடைத்தழித்து முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை மேக் செக் முடியும் வரை ஒருவரும் எழும்பவில்லை. சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறின. தரவை ஏற்றி எண்ணச் சொன்னோம். கணினி சொன்ன எண்ணும் அக்காவின் கொப்பியில் இருந்த எண்ணும் ஒன்றாக வந்தன.

வராதவர்களைத் திரும்பவும் கண்ட பிறகுதான் ஆய்வு ஆய்வானது. அவர்களில் பலருக்கு அலட்சியம் இல்லை. பஸ் இல்லை. பெற்றோல் இல்லை. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுவயிற்றோடு வந்து இரண்டு மணித்தியாலம் காத்திருக்க ஏலாது. ஆனால் அதே தாய்மார் பிள்ளையின் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குத் தவறாமல் வந்தார்கள். இரண்டு மாதம் என்பது சோதனைக்குரிய காலத்துக்குள்தான் விழுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் செய்ய ஒழுங்கு செய்தோம். இந்த யோசனையைச் சொன்னதும் அக்காதான். எங்கள் பங்கு, அவரின் கொப்பியைக் கணினி மறுக்காமல் பார்த்துக்கொண்டது மட்டும்.

பூட்டுடைத்த பழைய மென்பொருள் இப்படிப் பிழை விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தாலும் உள்ளே திறந்து பார்த்திருக்க முடியாது. திறந்த மூல மென்பொருளில் பிழையே வராது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இங்கே பிழை விட்டதே நாங்கள்தான். ஆனால் பிழை எங்கே என்று தேடிப் போகப் பாதை இருந்தது. கதவு திறந்திருந்தது. வைத்தியத்திலும் அதுதான் வித்தியாசம். பிழை விடாத வைத்தியர் இல்லை. நோயாளியின் குறிப்பேட்டை மற்றவர் வாசிக்க விடுபவர், விடாதவர் என்று இரண்டு வகைதான் உண்டு.

இது வசதியான நாடுகளின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2004இல் கடற்கோள் வந்தபோது, காணாமற்போனவர்களைத் தேடவும் முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்தவும் இலங்கையில் உள்ள தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. செய்முறையைப் பூட்டி வைத்திருந்தால் அது இந்தத் தீவைத் தாண்டியிருக்காது.

இப்போது 1995க்கு வருகிறோம். அந்த ஆண்டு மார்கழியில் எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை என்று இருந்தது. ஐப்பசி 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழும்பி மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் வகுப்பும் அந்தச் சனத்துக்குள் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து வகுப்பில் இருந்தபோது வாங்குகளில் இடைவெளி இருந்தது. சிலர் வன்னிக்குப் போயிருந்தார்கள், சிலர் கொழும்புக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. சிலரைப் பற்றி இன்றைக்கும் தெரியாது. எங்கள் வகுப்பாசிரியை இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயர்களையும் கூப்பிட்டார். பதில் வராது. கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். ஒருநாள் துணிந்து கேட்டோம், "ஏன் ரீச்சர் இன்னும் கூப்பிடுறியள்?" "பேரை வெட்டச் சொல்லி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை" என்றார்.

அன்றைக்கு எங்களுக்கு அது விளங்கவில்லை. 2022இல் ஒரு பழைய கணினிக்கு முன்னால் இருந்தபோதுதான் விளங்கியது.

இந்த நூற்றாண்டுக்காகப் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியலைச் சங்கம் தொகுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வகுப்புக்குரிய பக்கங்களை நாங்கள் பார்த்தோம். பல பெயர்களுக்கு எதிரே முகவரி இல்லை. 'விபரம் இல்லாதவர்களை எடுத்துவிட்டால் பட்டியல் வடிவாக இருக்கும்' என்று ஒரு யோசனையும் வந்தது. சொன்னவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். எங்கள் பணிவான வேண்டுகோள், அந்தப் பெயர்களை விடுங்கள். எதிரே வெறுமையாக விடுங்கள். வெறுமை என்பது, ஒருவர் இருந்தார், அவரைப் பற்றி எங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்ற தகவல். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். இந்த மலரை எந்த நாட்டில் இருந்து வாசித்தாலும், ஒரு பெயரைப் பற்றி ஏதாவது தெரிந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன அன்பளிப்பும் ஒரு நிபந்தனையும். எங்கள் வகுப்பு பாடசாலையின் கணினி அறைக்குச் சில மேசைக் கணினிகளைத் தருகிறது. புதியவை அல்ல, நன்றாக இயங்குபவை. அவற்றில் லினக்ஸ் இருக்கும். ஆர் இருக்காது. உயர்தர மாணவிகள் அதை மூலத்திலிருந்து தாங்களே தொகுக்க வேண்டும். மூன்று இரவு போகும், பரவாயில்லை. மேக் செக் தேறிய பிறகுதான் ஆசிரியையிடம் வந்து 'முடிந்தது' என்று சொல்லலாம். வெளிநாட்டில் இந்தத் துறையில் வேலை செய்யும் அக்காமாரிடம் நாங்கள் காசு கேட்கவில்லை. மாதத்தில் ஒரு மணித்தியாலம் கேட்கிறோம். பிழைச்செய்தியோடு முழிக்கும் ஒரு பிள்ளைக்கு, "மேலே போய் முதற்பிழையைப் பார், பிள்ளை" என்று சொல்ல ஒரு குரல் போதும். எங்களுக்கு அந்தக் குரல் ரொறன்ரோவில் இருந்து கிடைத்தது.

அந்தக் குரலுக்குரியவள் இன்றைக்கு வரவில்லை. அங்கே இப்போது விடியற்காலை. ஆனாலும் இடாப்பில் அவள் பெயரைக் கூப்பிடுகிறோம். தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.